நாயின் பித்தப்பை: பிறவிக் குறையை ஸ்கேனில் பார்க்கும் முறை

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலிருந்து வரும் காவல் நாய்களுக்கு ஸ்கேன் எடுக்குமுன் நான் கேட்பது, "காலையில ஏதாவது போட்டீங்களா?" என்றுதான். கறிக்குழம்பு ஊற்றிய களி தின்றிருந்தால் பித்தப்பை சுருங்கி, பிறவியிலேயே பை இல்லாதது போலத் தெரியலாம். 8 முதல் 12 மணி நேரம் பட்டினி வேண்டும், தண்ணீர் கொடுக்கலாம்.

வலப்பக்க விலா இடுக்கில் முடியை மழித்து, ஜெல் தடவி, கல்லீரல் மடல்களுக்கு இடையே மெல்லிய சுவரோடு கறுப்பாகத் தெரியும் பையைத் தேடுங்கள். நடுவில் தடுப்பு தெரிகிறதா? அவசரப்படாதீர்கள். பையின் கழுத்து மடங்கியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். நாயைப் புரட்டிப் போட்டு, புரோப் எனும் ஸ்கேன் முனையை 90 பாகை திருப்பிப் பாருங்கள். தடுப்பு அப்படியே நின்றால் கழுத்துவரை தொடருங்கள்: கழுத்து ஒன்றுதான் என்றால் ஈரறைப் பை, பித்தம் வெளியேறும் நாளமும் தனித்தனி என்றால் பையே இரண்டு.

பை காணவே இல்லையென்றால் இன்னொரு நாள் பட்டினியில் பாருங்கள், அப்புறம் சாயம் ஏற்றி சி.டி. எடுக்கலாம். நலமாக ஓடியாடும் நாயில் தற்செயலாகத் தெரிந்த ஈரறைப் பைக்குக் கத்தி வேண்டாம் என்பேன்.