ஸ்பானிய மொழி ‘டிராகுலா’வைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரத்தம் உறிஞ்சும் டிராகுலா பிரபுவைப் பற்றிப் பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’ நாவலை யுனிவர்சல் நிறுவனம் 1931இல் இரண்டு படங்களாக வெளியிட்டது. பகலில் இயக்குநர் டாட் பிரௌனிங்கின் குழுவினர் பெலா லுகோசியை டிராகுலாவாக வைத்து ஆங்கிலப் படத்தை எடுத்துவிட்டுக் கிளம்ப, இரவில் இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டின் குழுவினர் அதே அரங்குகளுக்குள் புகுந்து, வேறு நடிகர்களைக் கொண்டு அதே கதையை ஸ்பானிய மொழியில் எடுத்தார்கள். லுகோசியின் படம் உலகப் புகழ் பெற்றுவிட, இரவில் உருவான படம் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இப்போது அதைத் தேடிப் பிடித்துப் பார்ப்பவர்களில் பலர், படம் தொடங்குவதற்கு முன்பே சில தவறான எண்ணங்களோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அவற்றில் முதலாவது, இதை ஆங்கிலப் படத்தின் டப்பிங் என்று நினைத்துக்கொள்வது. பேசும்படம் வந்த புதிதில் டப்பிங் முறை சரிவரக் கைகூடியிருக்கவில்லை என்பதால், வெளிநாட்டுச் சந்தையை இழக்க விரும்பாத ஹாலிவுட் நிறுவனங்கள் படத்தையே வேறு மொழியில் மறுபடி எடுத்தன. தொலைவிலிருந்து தெரியும் சில காட்சித் துண்டுகள் மட்டும் ஆங்கிலப் படத்திலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை. மற்றபடி நடிப்பும் ஒளிப்பதிவும் முற்றிலும் வேறு. நீளமும் வேறு: ஆங்கிலப் படம் சுமார் 75 நிமிடம், இது சுமார் 104 நிமிடம்.

இரண்டு படங்களையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்ப்பதுதான், என் கணிப்பில், ஆகப் பெரிய தவறு. ஒரே வட்டில் இரண்டும் கிடைப்பதால் இந்த ஆசை எளிதில் வந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் கண் கதையை விட்டுவிட்டு வித்தியாசங்களை எண்ணத் தொடங்கிவிடும். சில நாள் இடைவெளி விட்டுப் பார்த்தால்தான் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ராபின்சன் செய்திருப்பது கண்ணில் படும். டிராகுலாவைக் காண வரும் ரென்ஃபீல்டு கோட்டைக்குள் நுழையும் காட்சியில், படிக்கட்டில் விளக்கேந்தி நிற்கும் பிரபுவை நோக்கிக் கேமரா தரையிலிருந்து மெல்ல மேலேறிச் செல்கிறது. வந்தவனை யாரோ கையைப் பிடித்து இழுத்துச் செல்வது போல இருக்கும். சவப்பெட்டி திறக்கும்போது முதலில் எழுவது புகை, அதன் பிறகுதான் டிராகுலா. வேறொரு சிறு பெட்டியின் மூடியிலிருக்கும் கண்ணாடியில் டிராகுலாவின் உருவம் தெரியாதது அம்பலமாகும் இடத்தில், ஆங்கிலப் படத்தில் லுகோசி அந்தப் பெட்டியைக் கையால் தட்டிவிடுவார். இங்கே டிராகுலாவாக நடிக்கும் கார்லோஸ் வில்லாரியாஸ் கைத்தடியை ஓங்கி அதை நொறுக்கிவிடுகிறார்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு, ‘அசலை விட ஸ்பானியப் படமே மேல்’ என்ற தீர்ப்பை இரவல் வாங்கிக்கொள்வதும் தவறுதான். கேமராவைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் வில்லாரியாஸ் கண்களை அகல விரித்து முறைக்கும் பல இடங்களில் அச்சத்துக்குப் பதில் சிரிப்பே வருகிறது. லுகோசியின் அமைதியான மிரட்டல் அவரிடம் இல்லை. நாயகி ஏவாவாக வரும் லுபிதா தோவரும், ரென்ஃபீல்டின் பித்தை அடக்கமே இல்லாமல் வெளிக்கொட்டும் பாப்லோ ஆல்வாரெஸ் ரூபியோவும் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். நடுப்பகுதியில் வரவேற்பறையில் நடக்கும் உரையாடல்கள் நீளம்தான். அதற்காக ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டாம். டிராகுலாவுக்கு இரையாகும் லூசியின் கதையை ஆங்கிலப் படம் அந்தரத்தில் விட்டுவிடும்; அதற்கு இங்கே ஒரு முடிவு சொல்லப்படுகிறது. வசனத்தைத் தாண்டிச் சென்றால் அது கைநழுவிப் போகும்.

நாவலைப் படித்தவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இரண்டு படங்களும் நாவலை நேரடியாகப் பின்பற்றவில்லை. இடையில் வந்த மேடை நாடகத்தின் வழியாகவே வந்தவை. நாவலில் கோட்டைக்குச் செல்பவர் ஜோனதன் ஹார்க்கர், படத்திலோ ரென்ஃபீல்டு. நாவலின் டிராகுலா நீண்ட வெள்ளை மீசையுடைய முதியவராக அறிமுகமாகிப் பின்பு இளமை அடைகிறார். அவருடைய முடிவும் டிரான்சில்வேனியாவில், கத்திகளால் நேர்கிறது. படம் லண்டனிலேயே முடிந்துவிடுகிறது. நாட்குறிப்புகளும் கடிதங்களுமாக விரியும் நாவலைத் திரையில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பின்னணி இசை கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகவும் தேவையில்லை. தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது ஒலிக்கும் சைக்கோவ்ஸ்கியின் இசையையும் இசையரங்கக் காட்சியையும் தவிர்த்தால், படத்தில் பெரும்பாலும் இசை இல்லை. அக்காலப் பேசும்படங்களில் இது வழக்கமே. கோரைப் பற்களையும் எதிர்பார்க்க வேண்டாம். அவை பிற்காலப் படங்கள் பழக்கிவிட்டவை.

படத்தின் தரம் ஒரு பகுதியில் சட்டென்று இறங்கினால், வட்டோ இணைய இணைப்போ பழுதாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் எஞ்சியிருந்த பிரதியில் ஒரு சுருள் சிதைந்து போயிருந்தது. கியூபாவின் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பிரதியிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து இணைத்த பிறகே 1990களின் தொடக்கத்தில் முழுப் படமும் வீடியோவாக வெளிவந்தது. பழைய பதிப்புகளில் அந்த ஒட்டு நன்றாகவே தெரியும். வாய்ப்பு இருந்தால், பின்னர் சீரமைக்கப்பட்ட ப்ளூரே பதிப்பையே தேர்ந்தெடுங்கள். ராபின்சன் நிழல்களால் அமைத்த கோட்டையின் மூலைகள் தெளிவில்லாத பிரதிகளில் வெறும் கறுப்புத் திட்டுகளாகவே தெரியும்.