கோழிக்கூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டை குறைந்தாலும், கோழிக்குச் சளி பிடித்துக் கர்கர் என்று மூச்சு விட்டாலும், ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கினாலும் பலரும் முதலில் தேடுவது மருந்தைத்தான். நாலைந்து கோழி வளர்க்கும் வீடுகளில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் கூட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. கூட்டை அப்படியே விட்டுவிட்டு மருந்து மட்டும் கொடுத்தால், கொஞ்ச நாளில் அதே தொல்லை திரும்பவும் வரும்.

காற்றை அடைத்துவிடுவது

குளிர் படக்கூடாது என்று நாலு பக்கமும் பலகை அடித்து மூடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கோழி எச்சத்தில் ஈரம் அதிகம். அது மட்கும்போது அம்மோனியா கிளம்பி, கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். புண்ணான இடத்தில் சளிக் கிருமி சுலபமாகப் புகுந்துவிடும்.

நின்றபடி முகர்ந்தால் இது சரியாகத் தெரியாது. காலையில் கதவைத் திறந்ததும் குத்தவைத்து உட்கார்ந்து, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நெடி ஏறினாலோ கண் எரிந்தாலோ, இரவு முழுக்கக் கோழி சுவாசித்தது அந்தக் காற்றைத்தான்.

கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு விட வேண்டும். கோழிக்கு ஒரு சதுர அடி என்று கணக்குப் போட்டால் தாராளமாக இருக்கும். திறப்பு, கோழி இரவில் அடையும் கட்டையைவிட மேலே இருக்கட்டும். ஈரக்காற்று மேலே போய்விடும். உட்கார்ந்திருக்கும் கோழி மேல் குளிர்காற்று நேராக அடிக்காது. சாரல் உள்ளே வராமலிருக்கக் கூரையை ஒரு அடி வெளியே நீட்டுங்கள். கூரை தகரமாக இருந்தால் மேலே நிழல் வேண்டும். கோழிக்கு வியர்க்காது. வெயிலில் வாயைத் திறந்து இரைத்து, சிறகை விரித்து நின்றால் உள்ளே வெப்பம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

கோழிவலையை நம்புவது

அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாயையோ கீரியையோ தடுக்காது. பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலை) போடுங்கள். அதையும் ஸ்டேப்ளர் ஊசியால் மட்டும் அடித்தால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். வாஷர் வைத்த ஸ்க்ரூவை நாலைந்து அங்குலத்துக்கு ஒன்றாக முடுக்குங்கள்.

அடிப்பக்கம் பலர் மறந்துபோகும் இடம். சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷைத் தரையில் படுக்க விரித்து, மேலே மண்ணோ கல்லோ போட்டு மூடுங்கள். தோண்ட வரும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். நகம் கம்பியில் மாட்டினால் பின்னால் நகர்ந்து வேறு இடத்தில் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை.

நனைந்த கூளம்

தரையில் உமியோ மரத்தூளோ நாலு அங்குலம் கனமாக இருக்க வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து விடுங்கள். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி பிடித்தபடியே நின்றால் ஈரம் அதிகம். குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் பெருகுவது இந்த ஈரத்தில்தான். ஈரம் பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் தொடங்கும். பாத்திரத்தின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். சிந்துவது குறையும். ஈரமான இடத்தை அள்ளிப் போட்டுவிட்டுப் புதுக் கூளம் போடுங்கள், மற்றதைக் கிளறி விடுங்கள்.

கட்டையும் முட்டைப்பெட்டியும்

உள்ளே கோழிக்கு நாலு சதுர அடி, வெளியே மேய எட்டிலிருந்து பத்து சதுர அடி வேண்டும். இதைவிட நெருக்கினால் கொத்துச் சண்டை நிச்சயம். அடையும் கட்டையில் கோழிக்குப் பத்து அங்குல நீளம் விடுங்கள். முட்டைப்பெட்டி கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மாறி அமைந்தால் கோழி உயரமான இடத்தைத் தேடிப் பெட்டியிலேயே அடையும், முட்டையெல்லாம் எச்சம் படிந்துவிடும். ஓரடிக்கு ஓரடி உள்ள பெட்டி ஒன்று, நாலு கோழிக்குப் போதும்.

இரவில் கோழியின் இரத்தத்தை உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சியான சிவப்புச் செள்ளு, பகலில் கோழியின் மேல் இருக்காது. கட்டையின் முனை சுவரில் பொருந்தும் இடுக்கில் பதுங்கியிருக்கும். அதனால்தான் பகலில் கோழியைத் தூக்கிப் பார்ப்பவர்கள் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இருட்டியபின் டார்ச்சோடு போய், கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் இரத்தக் கோடு விழுந்தால் செள்ளு இருக்கிறது. கட்டையைக் கழற்றி இடுக்குகளைச் சுரண்டிக் கழுவி மருந்தடியுங்கள். முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்து வருபவை இருக்கும் என்பதால், ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்தே ஆக வேண்டும்.

தீவனம்

முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டையிடத் தொடங்காத குஞ்சுக்கு அதைப் போட்டால் சிறுநீரகம் கெடும். எல்லா வயதுக் கோழியும் ஒன்றாக மேய்ந்தால் வளர்பருவத் தீவனத்தைப் பொதுவாக வைத்து, கால்சியத்துக்காகக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். பூஞ்சை பிடித்த தானியத்தைக் கோழிக்குப் போடவே கூடாது. அதிலிருக்கும் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும், வேகவைத்தாலும் போகாது.

புதுக் கோழியை நேராக உள்ளே விடுவது

பார்க்க நன்றாக இருக்கும் கோழியும் நோயைச் சுமந்து வரலாம். புதிதாக வந்ததை 3 முதல் 4 வாரம் தள்ளி வேறு இடத்தில் வையுங்கள். தீவனம், தண்ணீர் எல்லாம் பழைய கோழிகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு, அதன்பின் புதியதிடம் போங்கள். பிறகு ஒரு வாரம் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே கம்பிவலை மட்டும் இருக்கட்டும். வலையை எடுக்கும் நாளில் தீவனமும் தண்ணீரும் இரண்டு இடங்களில் வையுங்கள். பழைய கோழி ஒன்றை மறித்து நின்றாலும் புதியது இன்னொன்றில் தின்றுகொள்ளும்.