கலை இயக்கங்களிலிருந்து நம் படைப்புக்கு என்ன எடுப்பது, எப்படி எடுப்பது

குறும்படமோ, புகைப்படத் தொடரோ, போஸ்டரோ, காமிக்ஸோ, எதைத் தொடங்கினாலும் நம்மில் பலர் முதலில் செய்வது ஒன்றுதான். பிடித்த படங்களிலிருந்தும் ஓவியங்களிலிருந்தும் நூறு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் குறும்படம், அப்பாவிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வந்து, சொல்ல முடியாமல் தவிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அதற்கு ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் (மனதின் கலக்கத்தைக் கோணலான காட்சிகளாலும் நிழல்களாலும் காட்டும் பாணி) பொருந்தும் என்று முடிவுசெய்து, எல்லா ஷாட்டிலும் கேமராவைச் சாய்த்து, சுவர் முழுக்க நிழல் விழ வைத்தேன். பார்த்தவர்கள் கடைசிவரை ஏதோ பேய் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள், அந்தப் பெண்ணின் தயக்கம் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

தோற்றத்தை எடுத்துக்கொண்டேன், அந்தத் தோற்றம் ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டேன். அதுதான் தவறு. ஒவ்வொரு கலை இயக்கமும் யாரோ சிலர் மாட்டிக்கொண்ட ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடித்த விடை. விடையை மட்டும் பார்த்து எழுதினால் நம் கணக்குக்கு அது பொருந்தாது.

அந்த எக்ஸ்பிரஷனிசத்தின் பேர்பெற்ற படமான 'டாக்டர் கலிகாரி' 1920-இல் வெளிவந்தபோது முதல் உலகப் போர் முடிந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் படத்தின் கோணல் தெருக்களும் சாய்ந்த ஜன்னல்களும் திரைச்சீலையில் வரைந்தவை, பல நிழல்கள்கூட பெயின்ட்தான். ஒரு மனிதனின் மனம் குலைந்தால் அவன் கண்ணுக்கு ஊர் எப்படித் தெரியும் என்பதை ஊரையே குலைத்துக் காட்டினார்கள். இத்தாலிய நியோரியலிசம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் ரோமின் பெரிய ஸ்டூடியோவான சினெசிட்டா அகதிகள் முகாமாக இருந்தது. இயக்குநர்கள் தெருவுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம், ஆனால் தெருவில் நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற தவிப்பு அதைவிடப் பெரிய காரணம். 1948-இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தின் நாயகனாக இயக்குநர் டி சிகா நிறுத்தியது ஓர் உண்மையான தொழிற்சாலைத் தொழிலாளியை. பிரான்சின் இளம் இயக்குநர்கள் தொடங்கிய புதிய அலையை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஒருவரான கோதாரின் முதல் முழுநீளப் படம் வெட்டும் மேசைக்கு வந்தபோது அளவுக்கு மேல் நீளமாக இருந்தது. காட்சிகளைத் தூக்கி எறியாமல் ஷாட்டுகளுக்குள்ளேயே வெட்டினார்கள். இன்று நாம் ஜம்ப் கட் என்று ஒரு ஸ்டைலாகப் பயன்படுத்துவது இப்படித்தான் பரவியது.

ஆகவே ஃபோல்டரைத் திறக்கும் முன்னால் ஒரு வாக்கியம் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், பார்ப்பவர் எதை உணர வேண்டும் என்று எழுதினால் போதும். என் படத்துக்கு நான் பிற்பாடு எழுதிய வாக்கியம் இது: "சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல முடியாமல் ஒரே அறைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறாள்." இதை முதலிலேயே எழுதியிருந்தால் சாய்ந்த கேமராவைத் தொட்டிருக்கவே மாட்டேன், ஏனென்றால் அவளுக்கு உலகம் குலையவில்லை, எல்லாம் வழக்கம்போல அமைதியாக இருக்கிறது, அவளால் வாயைத் திறக்கத்தான் முடியவில்லை.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு, இதே சிக்கலை எனக்கு முன்னால் யார் சந்தித்தார்கள் என்று தேடுங்கள். மனதுக்குள் இருக்கும் பயத்தை வெளியே காட்ட வேண்டுமென்றால் எக்ஸ்பிரஷனிசம். நடிப்பென்றே தோன்றாத சாதாரண வாழ்க்கை வேண்டுமென்றால் நியோரியலிசம். இரண்டு படங்களை மோதவிட்டு மூன்றாவதாக ஓர் அர்த்தம் பிறக்க வேண்டுமென்றால் 1920-களின் சோவியத் மொன்டாஜ். ஒரே முகத்துக்குப் பக்கத்தில் சூப் கிண்ணத்தையும் பிறகு சவப்பெட்டியையும் வைத்தால் அந்த முகமே மாறித் தெரியும் என்று அங்கே இயக்குநர் குலெஷோவ் காட்டியது போஸ்டருக்கும் புகைப்படத் தொடருக்கும் அப்படியே பொருந்தும். நேரம் போவதைக் காட்ட வேண்டுமா, பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல் போர் ஓவியங்களைப் பாருங்கள். 1890, 91-இல் பல கித்தான்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறும்போது கித்தானையும் மாற்றி வரைந்தார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் எதுவும் ஆழமாக இறங்காது.

அப்புறம் பார்க்கும் முறை. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், பலரும் இதைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். படத்தை ஒருமுறை வழக்கம்போலப் பாருங்கள், எங்கே மனம் அசைந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை மறுபடி ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இசையை எடுத்ததும் காட்சி செத்துவிட்டால் உங்களை அசைத்தது இசை, அதில் படச்சட்டத்திலிருந்து கற்க அதிகம் இல்லை. ஒலி இல்லாமலும் உயிரோடு இருந்தால் நிறுத்தி நிறுத்தி, உள்ளங்கை அளவுக் கட்டங்களில் ஒவ்வொரு ஷாட்டையும் கருப்பு, சாம்பல், வெள்ளை என மூன்றே தொனியில் வரையுங்கள். வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம், மூக்கு கண்ணெல்லாம் தேவையில்லை, எந்த இடம் இருட்டு எந்த இடம் வெளிச்சம் என்று பிரித்தால் போதும். பத்து கட்டம் வரைந்ததும் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாத ஒன்று தெரியத் தொடங்கும். முகம் எப்போதும் சட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது என்பதோ, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதோ, இருபது விநாடிக்கு ஒருமுறைதான் கட் வருகிறது என்பதோ அப்படிக் கண்ணில் படும். இவற்றை எழுதி வையுங்கள். "அழகான லைட்டிங்" என்று எழுதினால் பயனில்லை. "இடப்பக்க ஜன்னல் மட்டும், வலப்பக்கம் நிரப்பு ஒளி (நிழலைக் குறைக்க வைக்கும் விளக்கு) இல்லை" என்று எழுதினால் நாளைக்கு அதை நீங்களே செய்துபார்க்கலாம்.

ஓவியத்துக்கும் இதேதான், கூடுதலாக ஒன்று: ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்து வரையுங்கள். ஓவியர் வான் கோ 1887-இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப் பாலம் அச்சோவியத்தை எண்ணெய் வண்ணத்தில் அப்படியே வரைந்து பார்த்தார். பிற்பாடு தென் பிரான்சின் ஆர்ல் ஊரில் அவர் வரைந்த ஓவியங்களில் பாலம் ஜப்பானுடையது அல்ல, ஆனால் தட்டையான வண்ணப் பரப்பும் அழுத்தமான வெளிக்கோடும் அவர் கைக்கு வந்துவிட்டன. பார்த்து வரைவது பயிற்சி. அதை உங்கள் படைப்பென்று வெளியிடாத வரைக்கும் அதில் எந்தத் தவறும் இல்லை.

பிடித்தவரைக் கண்டுபிடித்ததும் அவருக்கு யாரைப் பிடித்தது என்று ஒரு படி பின்னால் போங்கள். எனக்கு இதுதான் பெரிய திருப்பமாக இருந்தது. ஹாமர்ஷோய் என்ற டேனிஷ் ஓவியரை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். கோபன்ஹேகனில் தான் வாழ்ந்த வீட்டின் அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தவர். சாம்பல் சுவர், மூடிய கதவு, நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண், பெரும்பாலும் அவர் மனைவி ஈதா. அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவே தெரியாது, ஆனால் கண்ணை எடுக்க முடியாது. பின்னால் தேடிப் போனால் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள், வெர்மீரின் ஜன்னல் வெளிச்சம். முன்னால் போனால் அதே டென்மார்க்கின் இயக்குநர் ட்ரையர், அவர் படங்களின் வெற்றுச் சுவர்களும் மெதுவான அசைவுகளும். முந்நூறு வருடமாக ஒரே கேள்வி கைமாறி வந்திருக்கிறது. இப்படி ஒரு வரிசையைப் பார்த்துவிட்டால் அதில் ஒருவரை மட்டும் காப்பியடிக்கத் தோன்றாது, ஏனென்றால் அவர்கள் ஒவ்வொருவரும் எதை மாற்றினார்கள் என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

அடுத்து, குறித்துவைத்ததை விதிகளாக மாற்றுங்கள். 1995-இல் டென்மார்க்கில் தொடங்கிய டோக்மா 95 குழு பத்து விதிகளை எழுதிவைத்துப் படமெடுத்தது: கேமரா கையில்தான், தனி விளக்கு கூடாது, வெளியிலிருந்து பொருள் கொண்டுவரக் கூடாது, ஒலியைப் படத்திலிருந்து பிரித்துப் பதிவுசெய்யக் கூடாது என்று போகும். நமக்குப் பத்து வேண்டாம், ஐந்து போதும். நான் அந்தக் குறும்படத்தை மறுபடி எடுத்தபோது எழுதியவை: கேமரா அசையாது. ஒரே ஜன்னல்தான் வெளிச்சம். சுவர், உடை, பொருள் எல்லாம் சேர்த்து மூன்றே நிறம். உண்மையைச் சொல்லும் வரை அவள் முகத்தை முழுதாகக் காட்டுவதில்லை. மொத்தம் பன்னிரண்டு ஷாட். இதில் கோபன்ஹேகனும் இல்லை, பழங்கால உடையும் இல்லை. விதி நல்லதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: அதைப் பின்பற்றினால் எதையாவது நீங்கள் இழக்க வேண்டும். முகத்தைக் காட்டாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, நடித்தவர் அவ்வளவு நன்றாக நடித்தார்.

கையில் இருக்கும் கருவி போதாது என்று நிறுத்திவிடாதீர்கள். சத்யஜித் ராய் 1950-இல் லண்டனில் நியோரியலிசத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு 1956-இல் 'அபராஜிதோ'வில் ஒரு சிக்கல். வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டியாகிவிட்டது, திறந்த வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத மென்வெளிச்சம் எங்கிருந்து வரும்? செட்டின் மேலே துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். தெருவில் எடு என்ற விதியைக் கடைப்பிடிக்க முடியாத இடத்தில், தெருவின் வெளிச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து அதைச் செட்டுக்குள் வரவழைத்தார். எனக்கு இதைவிட நல்ல பாடம் தெரியாது. வெள்ளைத் துணியும் தெர்மோகோலும் வைத்து இன்றைக்கும் இதைச் செய்யலாம்.

இரண்டு இயக்கங்களைக் கலப்பதாக இருந்தால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வெளிச்சம் ஒன்றிடமிருந்து, வெட்டு இன்னொன்றிடமிருந்து என்பதுபோல. இரண்டும் நிறத்தையே தீர்மானிக்க வந்தால் சண்டைதான். இன்னொன்று, சோவியத் போஸ்டர் பாணி போன்றவற்றை எடுக்கும்போது அந்தச் சின்னங்கள் யாருக்கு என்ன செய்தன என்று படித்துவிட்டு எடுங்கள். சிவப்பும் சாய்கோடும் வெறும் அலங்காரம் அல்ல, அவற்றால் காயப்பட்டவர்களும் பார்ப்பவர்களில் இருப்பார்கள். யாரிடமிருந்து கற்றீர்களோ அவர் பெயரைக் குறிப்பில் சொல்லுங்கள், அதனால் உங்கள் படைப்பு சிறியதாகிவிடாது.

முழுதாக இறங்கும் முன் ஒரே ஒரு ஷாட்டை, அல்லது ஒரே ஒரு பக்கத்தை, எல்லா விதிகளோடும் செய்து பாருங்கள். போனில் எடுத்தாலும் சரி. முதலில் எழுதிய வாக்கியத்தை அறியாத ஒருவரிடம் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். "அந்தப் படம் மாதிரி இருக்கே" என்றால் தோற்றம்தான் வந்திருக்கிறது, இன்னும் ஒரு விதியையாவது மாற்ற வேண்டும். உங்கள் வாக்கியத்துக்குப் பக்கத்தில் வருகிற ஏதாவது ஒன்றைச் சொன்னால் ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டரை மூடிவிட்டு, விதிகள் எழுதிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போங்கள். என் இரண்டாவது படத்தின் சோதனை ஷாட்டில் ஜன்னலோரம் முதுகு காட்டி நின்றாள், அவ்வளவுதான், பதினைந்து விநாடி. பார்த்த நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவ யார்கிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டார். மறுநாளே படப்பிடிப்பைத் தொடங்கினோம்.