பாரிஸ் ரேடியோவும் வில்லியனூர் திண்ணையும்

பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா, சாக்லேட்டுக்கும் முன்னால் பெட்டியிலிருந்து ஒரு ரேடியோவை எடுத்து வைத்தார். “டிஜிட்டல்டா. கொரகொரப்பே இருக்காது.” வில்லியனூர் வீட்டுத் திண்ணையில் வைத்து ஸ்கேன் பொத்தானை அமுக்கினோம். திரையில் கோடு ஓடி முடிந்தது. நிலையங்கள்: 0. மாடிக்குத் தூக்கிப் போனோம். அங்கேயும் 0.

செட்டில் கோளாறு இல்லை. அது டி.ஏ.பி. பிளஸ் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு முறைக்கான செட். 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை தேடும். ஐரோப்பாவில் பெரும்பாலும் அந்த முறைதான். நார்வே 2017-இல் தேசிய நிலையங்களை எஃப்.எம்-இலிருந்து அதற்கே மாற்றிவிட்டது. அமெரிக்காவில் ஓடுவது எச்.டி. ரேடியோ. நம் அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டதோ டி.ஆர்.எம். என்ற வேறொரு டிஜிட்டல் முறை. ஒன்றுக்கான செட்டில் மற்றது எடுக்காது. பிரான்சில் சொந்தம் இல்லாத தெரு பாண்டியில் குறைவு என்பதால், இந்தத் தவறு நம் ஊரில்தான் அதிகம் நடக்கும் என்று நினைக்கிறேன். யாராவது ரேடியோ வாங்கி வரவா என்று கேட்டால், அட்டைப்பெட்டியில் டி.ஆர்.எம். என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிறு சந்தையில் ‘டிஜிட்டல் ரேடியோ’ என்று கூவி விற்பது வேறு கதை. அலைவரிசை எண் திரையில் மின்னும், அவ்வளவுதான். உள்ளே பழைய எஃப்.எம்-தான். செல்போன் செயலியில் கேட்பதும் டிஜிட்டல் ஒலிபரப்பு ஆகாது, அது இன்டர்நெட். டேட்டா தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது.

சில கார்களில் டி.ஆர்.எம். கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. வாங்கியவர் எஃப்.எம். பக்கத்தில் தேடிவிட்டு, இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். வானொலி அதை மத்திய அலையில் தருகிறது, எனவே ஏ.எம். பக்கம் போக வேண்டும். போனாலும் உடனே பாட்டு வராது. சிக்னலைப் பிடித்துப் பிரிக்கச் சில நொடி ஆகும். அதற்குள் அடுத்த நிலையத்துக்குத் தாவினால் எதுவும் கேட்காது.

சிக்னல் குறைந்தால் பழைய செட்டில் இரைச்சல் ஏறும், ஆனாலும் செய்தி காதில் விழும். டிஜிட்டலில் அப்படி இல்லை. கடைசிவரை தெளிவாக வந்து, சட்டென்று ஊமையாகிவிடும். மலிவு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் பக்கத்தில் வைத்தால் இன்னும் மோசம். டி.ஆர்.எம். ஒலிபரப்பு வரும் சென்னை இங்கிருந்து 150 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்து மத்திய அலைக்கு ஜன்னலோரம் வைத்து, செட்டை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டு எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பொறுத்து சிக்னல் கூடும், குறையும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புதுசு வந்ததும் பழைய பேட்டரி ரேடியோவைக் காயலான் கடையில் போடுவது. 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது, போனும் அணைந்தது. டி.ஆர்.எம்-இல் அவசர எச்சரிக்கை வசதி உண்டு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிஜிட்டல் செட் சிக்னலைப் பிரித்தெடுக்கவே பேட்டரியைக் குடிக்கும், சாதா எஃப்.எம். பெட்டி அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும்.

சித்தப்பாவின் செட்டிலும் எஃப்.எம். உண்டு. இப்போது சமையலறையில், 102.8 ரெயின்போவில் நிற்கிறது.