பழைய மரப் புரொப்பெல்லரின் பூர்வீகம்: தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பழைய விமானத்தின் மரப் புரொப்பெல்லர் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது உப்புத்தாளை. அதோடு பாதிக் கதை போயிற்று. எஞ்சின் பெயர், குதிரைத்திறன், விட்டம், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்), வரைபட எண், வரிசை எண் எல்லாம் பெரும்பாலும் நடுக்குடத்தைச் சுற்றி மரத்திலேயே முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். அதிக ஆழம் இருக்காது. இரண்டு இழுப்பில் மறைந்துவிடும். வார்னிஷ் கறுத்து எழுத்து தெரியாவிட்டால், அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், கல்வெட்டுக்கு மைப்படி எடுத்ததுபோல் எழுத்து மேலே வரும்.

எழுத்து கிடைத்தபின் வருவது அவசரம். 'கருடா' என்ற பெயரைப் பார்த்ததும் நமக்கு இந்தியாதான் நினைவுக்கு வரும். ஆனால் முதல் உலகப் போர்க் காலத்தில் அது பெர்லினில் இருந்த ஒரு புரொப்பெல்லர் நிறுவனம். எஞ்சின் பெயரும் இப்படித்தான் ஏமாற்றும். லெ ரோன் பிரெஞ்சு எஞ்சின், ஆனால் பிரிட்டனின் சாப்வித் கேமல் விமானங்களிலும் அது ஓடியது. எஞ்சின் எந்த நாட்டு வடிவமைப்பு என்பது வேறு, மரத்தை இழைத்த பட்டறை எங்கே என்பது வேறு.

அளவு மில்லிமீட்டரில் இருக்கிறது, அதனால் பிரிட்டிஷ் அல்ல என்பதும் தவறான கணக்கு. அந்தப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் புரொப்பெல்லர்களிலேயே விட்டமும் பிட்ச்சும் மில்லிமீட்டரில்தான் பொதுவாகக் குத்தப்பட்டன. ஜெர்மன் புரொப்பெல்லர்களில் பெரும்பாலும் சென்டிமீட்டர், குதிரைத்திறனுக்கு 'பி.எஸ்.' என்ற சுருக்கம். காப்புரிமைத் தேதி பொறித்திருந்தால் அதைச் செய்த ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; உற்பத்தி பல ஆண்டுகள் பின்னதாக இருக்கலாம். பிராண்டு ஸ்டிக்கரை மட்டும் நம்பவே வேண்டாம், புதிதாக அச்சடித்து ஒட்டுகிறார்கள்.

தனியாக ஒரே ஒரு பிளேடு கிடைத்து, அதன் அடியில் மரையுள்ள உலோக உறை இருந்தால் 'முதல் உலகப் போர்' என்று சீட்டு எழுதாதீர்கள். அந்தக் காலத்து இரண்டு பிளேடு புரொப்பெல்லர், பலகைகளை ஒட்டி இழைத்த ஒரே துண்டு. பிளேடைத் தனியாகக் கழற்றிக் கோணம் மாற்றும் வகை பிந்தியது. பிரிட்டனின் விமான எஞ்சின் நிறுவனங்களான ரோல்ஸ்-ராய்ஸும் பிரிஸ்டலும் சேர்ந்து 1937-இல் தொடங்கிய ரோட்டால் நிறுவனம், இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்குச் செய்த மரப் பிளேடுகள் இந்த இனம்.

மொத்த நீளமே ஒரு மீட்டருக்குள் அடங்கினால் அது விமானத்தை இழுத்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. விமானத்தில் ஜெனரேட்டரையோ எரிபொருள் பம்ப்பையோ காற்றால் சுழற்றச் சின்ன மரச் சுழலிகள் இருந்தன.

சுவர் அலங்காரமாக்க யாராவது குடத்தில் கடிகாரம் பதிக்கத் துளையைப் பெரிதாக்கியிருந்தால் முத்திரை போயிருக்கலாம். அப்போதும் போல்ட் துளைகளை எண்ணி, அவை அமைந்த வட்டத்தின் விட்டத்தை அளந்து வையுங்கள். எந்த எஞ்சின் என்று தேட அது உதவும். முத்திரை தப்பியிருந்தால், அதிலுள்ள விட்டத்தையும் டேப்பில் அளந்ததையும் ஒப்பிடுங்கள். கையளவு குறைந்தால் யாரோ நுனியை வெட்டியிருக்கிறார்கள்.