பழைய இங்கிலாந்து நகர்மன்றத் தேர்தலை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிற்றிதழுக்கு வரும் வரலாற்றுக் கட்டுரைகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். போன மாதம் ஓர் இளைஞர், 1952இல் இங்கிலாந்தின் கிரான்தம் நகர்மன்றத்தில் நடந்த ஆட்சி மாற்றத்தைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார். இரண்டாம் பத்தியிலேயே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை, ஏறக்குறைய அதே சொற்களில்.

ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதுவதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. என் கட்டுரையில் அச்சுக்கோப்பவர் கிரான்தத்தைக் ‘கிரந்தம்’ ஆக்கினார்; மெய்ப்புப் பார்த்த ஒரு பள்ளி மாணவி அதைக் கண்டுபிடித்தாள். அத்தகைய பிழைகளுக்கு நான் தேவையில்லை.

வாக்குச்சீட்டில் கட்சியைத் தேடுவது

1969ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அங்கே வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. சின்னமும் கிடையாது. வேட்பாளரின் பெயர், முகவரி, தொழில், அவ்வளவுதான். யார் எந்தக் கட்சி என்பதை உள்ளூர்ச் செய்தித்தாளையும் துண்டறிக்கைகளையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘சுயேச்சை’ என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பல ஊர்களில் கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்கள் சுயேச்சை என்ற பெயரில்தான் நின்றார்கள். நாடாளுமன்ற அரசியல் வேறு, ஊர்க் காரியம் வேறு என்பது அவர்கள் சொன்ன காரணம். எதிரே நின்ற தொழிற்கட்சிக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள்.

எல்லாத் தேர்தலையும் மே மாதத்தில் வைப்பது

மேயர் உள்ள நகரங்களில் 1947 வரை நவம்பர் 1தான் தேர்தல் நாள். 1949இலிருந்துதான் மே. இடைப்பட்ட 1948இல் வருடாந்தரத் தேர்தலே நடக்கவில்லை. போர் ஆண்டுகளிலும் அப்படித்தான்: 1939இல் தேர்தல்களை நிறுத்திவிட்டார்கள், காலியான இடங்களை மன்றமே ஆள் பார்த்து நிரப்பிக்கொண்டது. “1942 தேர்தலில் வென்று மன்றத்துக்குள் நுழைந்தார்” என்ற வரியை இதுவரை மூன்று பேரிடம் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வயது

அன்று வாக்களிக்கும் வயது 21. 18 அல்ல.

ஆல்டர்மேனைத் தேர்தலில் தோற்கடிப்பது

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது.

ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் கிரான்தத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர், மெத்தடிஸ்ட் சபையின் பிரசங்கியார், மார்கரெட் தாட்சரின் தந்தை. 1927இல் சுயேச்சையாக நகர்மன்றத்துக்கு வந்தார். 1943இல் ஆல்டர்மேன், அதாவது மன்றத்தின் மூத்த உறுப்பினர், ஆனார். 1945-46இல் மேயர். 1952இல் ஆல்டர்மேன் பதவி போயிற்று. இதைப் படித்ததும் நான் எழுதினேன்: “1952 தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள்.”

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ஒரே வரி: “எந்த வார்டில், எத்தனை வாக்கு வித்தியாசத்தில்?”

இதென்ன பெரிய கேள்வி என்று தேட ஆரம்பித்தேன். அங்குள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் பணம் கட்டிப் பழைய செய்தித்தாளின் நகல்களை வரவழைத்தேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி அதில் கரைந்தது. வேட்பாளர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. நகலெடுத்தவர் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, மறுபடியும் பணம் அனுப்பினேன்.

அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆல்டர்மேனை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை; வார்டுகளிலிருந்து வென்று வந்த உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். 1835ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. 1974 வரை நீடித்தது. உறுப்பினருக்கு மூன்று ஆண்டு, ஆல்டர்மேனுக்கு ஆறு ஆண்டு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் தேர்தலைச் சந்திப்பார்கள். ஆல்டர்மேன்களில் பாதிப்பேர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விலகுவார்கள். (நமக்கும் இது புதிதல்ல, 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியில் 12 ஆல்டர்மேன்கள் இருந்தார்கள்.)

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் வலு புரியும். ஓர் ஊரில் ஆறு வார்டு, வார்டுக்கு மூன்று உறுப்பினர், மொத்தம் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்மேன்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6. ஆக மன்றத்தில் 24 பேர். தொழிற்கட்சி 18இல் 10 பிடித்துவிட்டது; ஆறு ஆல்டர்மேன்களும் எதிரணி. மன்றத்தில் 10க்கு 14. மக்களிடம் வென்றும் சிறுபான்மை! அந்த ஆண்டு மூன்று ஆல்டர்மேன்கள் விலகும் முறை வந்தால் கதை மாறும். அந்த மூன்று இடத்தையும் உறுப்பினர்களின் வாக்குதான் நிரப்பும். 10 பேர் தங்கள் ஆட்களையே அமர்த்தினால் 13க்கு 11. உறுப்பினர் ஒருவரையே ஆல்டர்மேனாக ஏற்றினால் அவருடைய வார்டு காலியாகி இடைத்தேர்தல் வரும். தேர்தல் முடிந்த கையோடு அதே வார்டில் இன்னொரு தேர்தல் நடந்த செய்தி கண்ணில் பட்டால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

பல ஊர்களில், நெடுநாள் உழைத்தவரைக் கட்சி பாராமல் ஆல்டர்மேனாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1952இல் கிரான்தத்தில் முதன்முறையாகப் பெரும்பான்மை பெற்ற தொழிற்கட்சி, ராபர்ட்ஸைத் தொடரவிடவில்லை. கால் நூற்றாண்டு உடன் அமர்ந்த அறையிலேயே, முகம் தெரிந்தவர்களின் வாக்கில் வெளியேறினார். 1985இல் தாட்சர் பிரதமராக இருந்தபோது, தொலைக்காட்சி நேர்காணலில் இதைச் சொல்லிக் கண்கலங்கினார். மக்கள் தோற்கடித்தார்கள் என்று எழுதினால் அந்தக் கண்ணீருக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. தொழிற்கட்சி செய்தது முறையா என்பது வேறு விவாதம். கணக்கைப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

மேயரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்

இல்லை. மன்றம் தேர்ந்தெடுத்தது, ஓராண்டுக்கு.

ஊரில் எல்லோருக்கும் வாக்கு இருந்ததாக நினைப்பது

1945க்கு முன் நகர்மன்றத் தேர்தலில் வாக்கு வீட்டோடு ஒட்டியது. பெற்றோருடன் வாழ்ந்த வளர்ந்த பிள்ளைகளுக்கும், முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்த பணிப்பெண்களுக்கும் அது கிடையாது. 1945இல் நாடாளுமன்ற வாக்காளர் அனைவருக்கும் வந்தது. வேறு ஊரில் குடியிருந்தபடி இங்கே கடை வைத்திருந்தவரின் வாக்கு மட்டும் 1969 வரை தப்பிப் பிழைத்தது.

வாக்குகளைக் கூட்டி ‘இத்தனை பேர் வாக்களித்தார்கள்’ என்பது

1945 நவம்பரில் மாட்டிக்கொள்வீர்கள். போர்க்காலத்தில் நியமிக்கப்பட்டவர்களின் இடங்களும் சேர்ந்து தேர்தலுக்கு வந்ததால், ஒரே வார்டில் இரண்டு மூன்று இடங்கள் காலி. எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒருவருக்கு. இரண்டு இடங்கள் உள்ள வார்டில் 1,800 வாக்குகள் என்றால் 900 பேர் வந்திருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். ஒரே வாக்கைப் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

போட்டியின்றித் தேர்வு

போட்டியின்றி ஒருவர் தேர்வான வார்டுக்கு நேரே ‘வாக்குப்பதிவு 0 சதவீதம்’ என்று அட்டவணையில் போட்டிருந்தார் அந்த இளைஞர். அங்கே வாக்குச்சாவடியே திறக்கவில்லை, தம்பி.