வானில் ஜிபிஎஸ் போனால், கொம்பஸ் குழம்பினால்: ட்ரோனை இறக்குவது எப்படி

ஜிபிஎஸ் போவதும் கொம்பஸ் குழம்புவதும் ஒன்றல்ல. ரிமோட் திரையில் இரண்டும் எச்சரிக்கையாகத்தான் வரும். இரண்டுக்கும் கை தானாக, ட்ரோனைக் கிளம்பிய இடத்துக்குத் திருப்பி அழைக்கும் ஹோம் பட்டனைத் தேடும். ஜிபிஎஸ் போனால் ட்ரோனுக்குத் தான் எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. காற்றோடு போகும், ஆனால் நீங்கள் சொன்னதைக் கேட்கும். கொம்பஸ் குழம்பினால் இடம் தெரியும், தன் மூக்கு எந்தப் பக்கம் என்பதுதான் பிழையாகத் தெரியும். அந்தப் பிழையை நம்பி உங்கள் கையோடு மல்லுக்கட்டும். முதலாவதில் ட்ரோனை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் அதன் மூளையிடமிருந்து ஜிபிஎஸ்ஸைப் பிடுங்க வேண்டும். எது நடந்தது என்று முதல் நாலைந்து செக்கனுக்குள் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

எது போனது?

ட்ரோனை முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும் வலது ஸ்டிக்கை விட்டுப் பாருங்கள். ட்ரோன் நிற்காமல் ஒரே திசையில் வழுக்கிக்கொண்டே போகிறது, உயரம் மாறவில்லை, மூக்கும் திரும்பவில்லை என்றால் போனது ஜிபிஎஸ். உயரத்தைக் காற்றழுத்தமானி பிடித்து வைத்திருக்கும். திரையில் செய்மதி எண்ணிக்கை பத்துக்குக் கீழே விழுந்திருக்கும்.

ஸ்டிக்கை விட்டதும் வட்டம் போடுகிறது, வட்டம் சுற்றுக்குச் சுற்று விரிகிறது, அல்லது நேராக முன்னே தள்ளினால் சாய்வாக வளைந்து போகிறது என்றால் அது கொம்பஸ். வரைபடத்தில் உள்ள அம்புக்குறி ஒரு பக்கம் காட்டும், கமெரா வேறு பக்கத்தைக் காட்டும்.

வட்டம் ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் பதற்றம் குறையும். காற்று ட்ரோனைக் கிழக்கே ஒரு மீற்றர் தள்ளுகிறது. ஜிபிஎஸ் அதைச் சரியாகச் சொல்கிறது. 'மேற்கே திரும்பிப் போ' என்று மூளை கட்டளையிடுகிறது. கொம்பஸில் 40 பாகை பிழை இருப்பதால், மேற்கு என்று நினைத்துத் தென்மேற்கே போகிறது. அங்கிருந்து இன்னொரு திருத்தம், அதிலும் அதே 40 பாகை விலகல். திருத்தத் திருத்த வட்டம் பிறக்கிறது. பிழை 90 பாகையைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு திருத்தமும் எதிர்ப்பக்கமே தள்ளும், ட்ரோன் ஓடிவிடும். பழுதான திசையறிவோடு ஹோம் பட்டனை அழுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்: 'வீட்டுக்கு' என்று சொல்லிக்கொண்டு அது கடலுக்குப் போகலாம்.

பன்டம் 4 போன்ற டிஜேஐ ட்ரோன்களில் பின்விளக்கும் உதவும். மஞ்சள் மெதுவாக மின்னினால் அட்டி மோட், அதாவது ஜிபிஎஸ் இல்லாமல் பறக்கிறது. மஞ்சள் வேகமாக மின்னினால் ரிமோட் தொடர்பு அறுந்திருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி மின்னினால் கொம்பஸ்.

ஜிபிஎஸ் போனால்

உயரத்தையும் சுழற்சியையும் மாற்றும் இடது ஸ்டிக்கை நடுவில் விடுங்கள். உயரம் உங்களுக்குச் சேமிப்பு, அதைப் பதறிக் குறைக்காதீர்கள். திரையை விட்டு ட்ரோனைப் பாருங்கள்.

அடுத்தது மூக்கைக் கண்டுபிடிப்பது. வலது ஸ்டிக்கை ஒரு செக்கன் மட்டும் முன்னே தட்டுங்கள். ட்ரோன் சிறிதாகிக்கொண்டு போனால் மூக்கு அப்பால் பார்க்கிறது. உங்களை நோக்கி வந்தால், இடது ஸ்டிக்கால் அரைச்சுற்றுச் சுற்றி முதுகை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இடம் வலம் மாறும் குழப்பம் அதோடு போய்விடும்.

பிறகு காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடியுங்கள். அட்டி மோட்டில் பிரேக் கிடையாது. ஸ்டிக்கை விட்டால் நிற்காது. போகும் திசைக்கு எதிராகத் தட்டினால்தான் நிற்கும். பெரிதாக இழுக்காமல் சின்னச் சின்னத் தட்டாகத் தட்ட வேண்டும். செக்கனுக்கு 8 மீற்றர் காற்றில் சும்மா விட்டால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 480 மீற்றர் போயிருக்கும்.

ட்ரோன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றால், கமெராவை அடிவானத்துக்கு நேராகத் தூக்கி மெதுவாகச் சுற்றுங்கள். நாங்கள் பறக்கும் மட்டக்களப்பில் ஒரு வசதி உண்டு: கிழக்கே எப்போதும் கடல். வாவியின் மேற்கே படுவான்கரையில் இருக்கும் ட்ரோனைக் கிழக்கே எழுவான்கரைக்குக் கொண்டுவர வேண்டுமானால், வாவிக்கு அப்பால் கடல்விளிம்பு தெரியும் வரை சுற்றி, பிறகு முன்னே தள்ளுங்கள். கடலுக்கு மேல் நின்றால், திரையில் வெள்ளை நுரைக்கோடு குறுக்காகவும் அதற்கு அப்பால் தென்னைகளும் தெரியும்போது மூக்கு கரையைப் பார்க்கிறது. ஜிபிஎஸ் மட்டும் போயிருந்தால் திரையின் திசை அம்பையும் நம்பலாம். கொம்பஸ் போயிருந்தால் கமெராவை மட்டும் நம்புங்கள்.

கரைக்கு வந்த பிறகு உயரத்தைக் குறையுங்கள், கீழே காற்று மெதுவாக இருக்கும். தென்னைகள் 20, 25 மீற்றருக்கு நிற்கும் ஊர் இது. வெளியான இடம் வரும் வரை 30 மீற்றருக்குக் கீழே வர வேண்டாம். ஏறத்தாழ 10 மீற்றருக்குக் கீழே, பகல் வெளிச்சத்தில், புல்லோ மணலோ தெளிவாகத் தெரியும் தரைக்கு மேல் என்றால், அடிப்பக்கக் கமெரா உள்ள ட்ரோன்கள் அதைப் பார்த்துத் தாமாகவே நின்றுவிடும். தண்ணீருக்கு மேல் அந்தக் கமெராவை நம்பாதீர்கள். காற்றில் அலையாடும் நெற்பயிருக்கு மேலும் அது ஏமாறும்.

பற்றரி 40 சதவீதம் இருக்கும்போதே இறங்கும் இடத்தைத் தீர்மானியுங்கள். ஜிபிஎஸ் இல்லாத நிலையில் பற்றரி அடிமட்டத்துக்குப் போனால், ட்ரோன் நிற்கும் இடத்திலேயே இறங்கத் தொடங்கும். அது வாவியாக இருந்தால் வாவிதான்.

இறக்கும்போது மூக்கைக் காற்றுக்கு எதிரே வையுங்கள். கடைசி 2 மீற்றரில் தன் காற்றே தரையில் பட்டுத் திரும்பி ஆட்டும், அங்கே தாமதிக்காமல் ஒரே மூச்சில் இறக்குங்கள். கால் தரையில் பட்டதும் இடது ஸ்டிக்கை முழுதாகக் கீழே இழுத்து, மோட்டர் நிற்கும் வரை பிடியுங்கள். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே தரை தொட்டால் கவிழும். அப்படி வந்தால் மேலே எடுத்து மறுபடி முயலுங்கள். கையில் பிடிக்க முயலாதீர்கள். கோயில் திருவிழாக் கூட்டமோ பிள்ளைகள் விளையாடும் மைதானமோ பக்கத்தில் இருந்தால், ட்ரோனை அங்கே கொண்டுவருவதை விட வாவியில் போடுவதே சரி.

கொம்பஸ் குழம்பினால்

அட்டி மோட் சுவிட்ச் உள்ள ட்ரோன் என்றால் உடனே அதற்கு மாற்றுங்கள். சொந்தமாகப் பூட்டி ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருளில் ஓட்டுகிறவர்கள், உயரத்தை மட்டும் பிடித்து வைக்கும் ஆல்ட்-ஹோல்டுக்கு மாற்றுங்கள். ஜிபிஎஸ்ஸும் கொம்பஸும் முரண்பட்டதால் வந்த வட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். அதன் பிறகு மேலே சொன்ன ஜிபிஎஸ் இல்லாத பறப்புத்தான்.

இன்றைய சிறிய டிஜேஐ ட்ரோன்கள் பலவற்றில் அந்தச் சுவிட்ச் இல்லை. ஸ்போர்ட் மோட்டும் ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்துவதால் அது மாற்று ஆகாது. கூடுதல் சாய்வும் வேகமும் மட்டும் கிடைக்கும். ட்ரோன் தானாகவே பிழையைக் கண்டுபிடித்து அட்டிக்கு மாறும் வரை, வட்டத்தின் திசைக்கு எதிராக ஸ்டிக்கைத் தயங்காமல் தள்ளுங்கள். இரும்புப் பாலம், கோபுரம், கூரைத் தகடு போன்றவற்றை விட்டு விலக்குங்கள். விலகியதும் தாழ்த்துங்கள். அடிக்கமெரா பிடிக்கும் உயரத்துக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள்; 'சரியாகிவிட்டது, இன்னும் இரண்டு ஷொட் எடுப்போம்' என்ற எண்ணம்தான் ட்ரோனைத் தொலைக்கும்.

பிழை பெரும்பாலும் தரையிலேயே தொடங்கியிருக்கும்

வானத்தில் வரும் கொம்பஸ் பிழைகளில் பல, கிளம்பிய இடத்தில் பிறந்தவை. கொங்கிறீற் தட்டில் வைத்து ட்ரோனை ஓன் செய்கிறீர்கள். உள்ளே கம்பி. அந்தக் கம்பியின் காந்தத்தைச் சேர்த்துத்தான் 'இதுதான் வடக்கு' என்று ட்ரோன் முதற்கணக்குப் போடுகிறது. 20 மீற்றர் மேலே போனதும் கம்பி இல்லை, கொம்பஸ் உண்மையைச் சொல்லத் தொடங்குகிறது. முதற்கணக்கும் இப்போதைய அளவீடும் ஒத்துவரவில்லை, மூளை குழம்புகிறது. பார்ப்பவருக்கு வானத்தில் பழுதானது போலத் தெரியும்.

மட்டக்களப்பில் இதற்கு முதலிடம் கல்லடிப் பாலத்துக்கு. 1924 இல் திறந்த பழைய பாலம் முழுக்க இரும்பு. 2013 இல் பக்கத்தில் வந்த புதுப்பாலத்தின் கொங்கிறீற்றுக்குள்ளும் கம்பி. இரண்டின் மேலிருந்தும் ட்ரோனைக் கிளப்ப வேண்டாம். கரைக்கு வந்து மணலில் வைத்துக் கிளப்புங்கள். பாலத்தைப் படம் எடுக்கும்போதும் சட்டங்களுக்கு இடையே நுழையாமல், 15 மீற்றராவது விலகியே பறவுங்கள். வயல்வெளியிலும் இதே கவனம் வேண்டும்: மதகின் மேல்தட்டு, உழவு இயந்திரத்தின் முன்மூடி, வான் வண்டியின் கூரை எதுவும் ஏவுதளம் அல்ல. பத்துக் காலடி நடந்து போய் வையுங்கள். காந்தம் உள்ள போன் உறையையும் ஸ்பீக்கரையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கிளப்புமுன் ஒரு நிமிடச் சோதனை. கடற்கரையில் நின்று ட்ரோனின் மூக்கைக் கடலுக்கு நேரே பிடியுங்கள். அப்பில் அம்பு ஏறக்குறையக் கிழக்கைக் காட்ட வேண்டும். கையிலேயே 90 பாகை திருப்புங்கள், அம்பும் 90 திரும்ப வேண்டும். நான்கு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கத்தில் 60 திரும்பி அடுத்த பக்கத்தில் 120 திரும்பினால், அருகில் இரும்பு இருக்கிறது அல்லது கொம்பஸின் அளவுத்திருத்தம் (கலிபரேஷன்) கெட்டிருக்கிறது. இடத்தை மாற்றி மறுபடி பாருங்கள். இடம் மாற்றியும் அதே பிழை வந்தால் மட்டும் அளவுத்திருத்தம் செய்யுங்கள். இரும்புக்குப் பக்கத்தில் செய்த அளவுத்திருத்தம், இல்லாத பிழையை நிரந்தரமாக்கும்.

கிளம்பியதும் 2 மீற்றரில் 30 செக்கன் நிறுத்துங்கள். வளைந்து நகர்ந்தால் அங்கேயே இறக்குங்கள்.

இந்த ஊரின் இடஅமைவால் வரும் இரண்டு விஷயங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். காந்தப்புலம் இங்கே ஏறத்தாழக் கிடையாகக் கிடப்பதால், கொம்பஸுக்குத் திசையறியப் போதிய பலம் கிடைக்கிறது. உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே வித்தியாசமும் இரண்டு மூன்று பாகைதான். ஆகவே இங்கு கொம்பஸ் குழம்பினால் முதலில் இரும்பைத் தேடுங்கள். ஜிபிஎஸ் விஷயத்தில் நிலைமை தலைகீழ். காந்த நடுக்கோட்டுப் பகுதியில் பொழுதுபட்ட பிறகு, ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை, மேல்வளிமண்டலத்தின் அயனிப்படை கலங்கி செய்மதிச் சமிக்ஞை துடிக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டெம்பர், ஒக்டோபரிலும் இது கூடுதல். வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கச் சொல்லும், பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை அளக்கும் கேபி எண் குறைவாக இருக்கும் நாளிலும் இது வரும்.

காற்று எந்தப் பக்கம்?

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் அடிக்கும். தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கல்லடியிலோ பாசிக்குடாவிலோ ஒலுவிலிலோ அந்த மாதங்களில் ஜிபிஎஸ் போனால், ட்ரோன் போகும் இடம் கடல். வாடைக்காலத்தில் அதுவே உள்ளே, வாவிப் பக்கம் தள்ளும். ட்ரோன் காற்று வரும் பக்கத்திலும் நீங்கள் காற்று போகும் பக்கத்திலும் இருந்தால், பழுது வந்தாலும் அது உங்களை நோக்கியே வரும். கச்சானில் கடற்பக்கம் பறந்தே ஆக வேண்டுமென்றால் 100 மீற்றருக்குள் வைத்திருங்கள்.

சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் மருந்தடிக்கும் பெரிய ட்ரோன்களுக்கு இன்னொரு கவனம். தாங்கியில் 10 லீற்றர் இருந்தால் ஏறக்குறைய 10 கிலோ எடை கூட இருக்கிறது. அது ஆடவும் செய்யும். எதிர்த்தட்டுக் கொடுத்தாலும் நிற்கத் தூரம் எடுக்கும். பம்பை நிறுத்துங்கள், மின்கம்பி இல்லாத பக்கம் போங்கள். பயிருக்குள் இறங்கினாலும் பரவாயில்லை. வரம்பில் நிற்கும் ஆட்கள் பக்கம் கொண்டுவராதீர்கள்.

சொந்தமாகப் பூட்டியவர்களுக்கு

ஜிபிஎஸ்-கொம்பஸ் பெட்டியைப் பற்றரி வயர்களிலிருந்து 10 சென்ரிமீற்றராவது மேலே, தண்டில் நிறுத்துங்கள். பற்றரியின் இரண்டு வயரையும் முறுக்கி விடுங்கள். பக்கத்தில் இரும்புத் திருகாணி வேண்டாம், நைலோன் போதும். ஆர்டுபைலட்டின் கொம்பஸ்-மோட்டர் சோதனையில் குறுக்கீடு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் பறக்க வேண்டாம், வயரிங்கை மாற்றுங்கள். ஜிபிஎஸ் கேட்கும் அலைவரிசை 1575.42 மெகாஹேர்ட்ஸ், மேலே கட்டிய அக்ஷன் கமெராவின் இரைச்சல் அதை மூழ்கடிக்கலாம். கமெராவை ஓன் செய்ததும் செய்மதி எண்ணிக்கை விழுகிறதா என்று தரையிலேயே பாருங்கள்.

இடத்தையும் திசையையும் கணிக்கும் ஈகேஎஃப் கணக்கு நம்பமுடியாமல் போனால் ஆர்டுபைலட் தானாகச் செய்வதுதான் ஈகேஎஃப் பெயில்சேஃப்; அதன் தொடக்க அமைப்பு 'இறங்கு' என்பது. வாவிக்கு மேல் அது மூழ்கு என்பதற்குச் சமம். ரிமோட் எப்போதும் கையில் இருப்பவர்கள் அதை ஆல்ட்-ஹோல்டாக மாற்றி வைக்கலாம். ஆனால் ஆல்ட்-ஹோல்டில் பழகிய கை இருந்தால் மட்டுமே. பழகச் சுவிட்ச் இல்லாத ட்ரோன் வைத்திருப்பவர்கள் ஜிபிஎஸ் இல்லாத மலிவான விளையாட்டு ட்ரோன் ஒன்றை வாங்கி, காற்றில்லாத காலையில் மைதானத்தில் ஓட்டுங்கள்.

இறக்கிய பிறகு அதே பற்றரியோடு மறுபடி கிளப்ப வேண்டாம். ஜிபிஎஸ் வயரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் ஊசிகள் பச்சை பிடித்து, அதிர்வில் தொடர்பு விட்டு விட்டு வருவது கரையோரத்தில் சாதாரணம். ட்ரோன் கண்ணுக்கு மறைந்து விழுந்திருந்தால், அப் காட்டும் கடைசி இடம் ஜிபிஎஸ் போன கணத்து இடம். அது விழுந்த இடம் அல்ல. அங்கிருந்து காற்று போன திசையில் தேடுங்கள்.